யாருடைய அவசரம்?

புது வண்டி வாங்கினால் முதலில் என்ன செய்கிறோம்? கோயிலுக்குக் கொண்டு போய், மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகுதான் சாலையில் இறக்குகிறோம். 'தாயே, நீதான் காப்பாத்தணும்!' என்று வேண்டுகிறோம். சரி, அவள் காப்பாற்றுவாள். நம் பங்கு என்ன?

இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது வலங்கைமானில்.

பங்குனி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள மகா மாரியம்மன் கோயிலில் பாடைக் காவடித் திருவிழா. கும்பகோணத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில், 'கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே' என்று வாடகைக் கார் ஓட்டுநரை விரட்டிக்கொண்டே வந்தேன். ஒரு பஸ்ஸை முந்தும்போது, எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் தடுமாறிச் சாலையை விட்டே இறங்கிவிட்டார். நல்லவேளை, விழவில்லை. 'அம்மன் புண்ணியம்!' என்று சொல்லிக்கொண்டேன்.

கோயிலை நெருங்கினால்... பச்சை மூங்கில் பாடைகள் ஒன்றன்பின் ஒன்றாக! சாவின் விளிம்புவரை போய் மீண்டவர்கள், வேண்டுதலை நிறைவேற்ற அதில் பிணம் போலப் படுத்திருக்கிறார்கள். முன்னால் கொள்ளிச்சட்டி. பறை முழங்க, உறவினர்கள் தோளில் சுமந்து கோயிலை வலம் வருகிறார்கள். பிறகு அம்மன் சந்நிதி முன்பு, படுத்திருந்தவர் உயிர்பெற்றது போல் எழுகிறார். பார்க்கும் நமக்கே கண் கலங்குகிறது.

ஒரு பாடையின் பின்னே வந்த அம்மாவிடம் விசாரித்தேன்.

'வண்டி ஒண்ணு இடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிடுச்சும்மா. நெனவே இல்லாமக் கெடந்தான் எம்புள்ள. ஆத்தாதான் எழுப்பிக் குடுத்தா.'

'இடிச்சது யாருன்னு தெரிஞ்சுதாம்மா?'

'தெரியலையே... அவங்களுக்கு என்ன அவசரமோ!'

சுருக்கென்றது எனக்கு. என் அவசரம் எதற்கு? ஓர் அம்மன் தரிசனத்துக்கு!

வலங்கைமான் இருப்பது திருவாரூர் மாவட்டத்தில். மனுநீதிச் சோழன் கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதும் இதே திருவாரூரில்தான். இளவரசன் வேண்டுமென்றா கன்றின்மீது தேரை ஏற்றினான்? இல்லை, அது துள்ளி வந்து சக்கரத்தில் சிக்கியது. 'பரிகாரம் செய்தால் போதும்' என்றார்கள் அமைச்சர்கள். மன்னன் ஏற்கவில்லை. பரிகாரம் செய்தவரின் மனம் ஆறலாம். கன்றை இழந்த பசுவின் வயிறு ஆறுமா?

பிள்ளை ஓட்டிய தேருக்குத் தகப்பன் பதில் சொன்ன கதை அது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோமீட்டரை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 15 நிமிடம். 60-ல் போனால் 10 நிமிடம். மிச்சம் வெறும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் பதறுகிறோம், முந்துகிறவரைத் திட்டுகிறோம், சிவப்பு விளக்கைத் தாண்டுகிறோம்.

போலீஸ்காரர் நிற்கும் இடத்தில் மட்டும் வருகிற நிதானம், பயம். யாரும் பார்க்காத வயல்வெளிச் சாலையிலும், எதிரே சைக்கிளில் வருகிறவருக்காக வேகத்தைக் குறைக்கிறோமே... அதுதான் பக்தி! நம் உயிரை அம்மன் காக்கட்டும். அடுத்தவர் உயிரைக் காக்கும் பொறுப்பை நம் கையில் அல்லவா கொடுத்திருக்கிறாள்?

திரும்பும்போது ஓட்டுநரிடம் சொன்னேன்: 'மெதுவாவே போங்கண்ணே.'