மறை வெப்பம்



மாலையில் புட்டு அவிக்கும் அடுப்படிக்கு ஒரு கணம் வாருங்கள். பானையில் நீர் கொதிக்கின்றது; அதன்மேல் நீற்றுப்பெட்டி இருக்கின்றது; கீழே விறகு எரிகின்றது. அந்நீரில் ஒரு வெப்பமானியை வைத்தால் அது 100 பாகை சென்ரிகிறேட்டைக் காட்டும். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அதே 100 தான். இன்னும் இரண்டு விறகைத் தள்ளிவிட்டால் நீர் கூடுதலாகத் துள்ளுமேயன்றி, வெப்பமானி அசையாது. அப்படியாயின், இவ்வளவு நேரமும் எரிந்த நெருப்பின் வெப்பம் எங்கே போயிற்று?

இக்கேள்விக்கு அளந்து விடை கண்டவர் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோசப் பிளாக். கொதிக்கத் தொடங்கிய நீருக்கு இன்னும் சிறிதளவு வெப்பம் கிடைத்தாற் போதும், முழுவதும் ஆவியாகிவிடும் என்பதே அக்காலத்தவர் எண்ணமாயிருந்தது. பிளாக் 1762ஆம் ஆண்டில், தகரப் பாத்திரத்தில் சிறிதளவு நீரை வைத்து, பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டின்மேல் ஏற்றி, நேரத்தைக் கணித்தார். ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் நீர் கொதிக்கத் தொடங்கிற்று. ஆனால் அது வற்றி முடிவதற்கோ மேலும் 20 நிமிடம் வரை சென்றது.

இன்றைய கணக்கின்படி, ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 100 கலோரி வேண்டும். அதே நீரை 100 பாகையிலேயே ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும். அதாவது, வெப்பமானி ஏறிய காலத்திலும் அது அசையாது நின்ற காலத்திலேயே ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வெப்பம் உட்சென்றிருக்கின்றது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துவதில் அது செலவாகின்றது. இதையே மறை வெப்பம் என்கின்றோம்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வெப்பமானி பொய் சொல்லவில்லை. 'எவ்வளவு சூடு?' என்ற கேள்விக்கு அது சரியான விடையையே தருகின்றது. 'எவ்வளவு வெப்பம் உட்சென்றது?' என்பது வேறொரு கேள்வி. அதை வெப்பமானியிடம் கேட்பது நம்முடைய பிழை.

இப்பிழையை நாம் மனிதர் விடயத்தில் நாள்தோறும் செய்கின்றோம். தவணைப் பரீட்சையின் தேர்ச்சி அறிக்கையைப் பிள்ளை கொண்டுவருகின்றது. சென்ற தவணை 38 புள்ளி; இம்முறையும் 38. "இவ்வளவு நாளும் என்ன செய்தாய்?" என்கின்றோம். குடியை விட முயலும் ஒருவர் மூன்று மாதம் தம்மை அடக்கி, நான்காம் மாதம் ஒரு நாள் தவறுகின்றார். "இவர் திருந்தமாட்டார்" என்று வீடும் ஊரும் தீர்ப்பு எழுதிவிடுகின்றன. எண்ணைப் பார்த்தோம், எரிந்த விறகை எவரும் எண்ணவில்லை. நம் தீர்ப்பைக் கேட்டு அவரும் விறகை வெளியே இழுத்துவிட்டால், அதற்கு நாமும் பொறுப்பாளிகள் அல்லவா?

"அப்படியானால் எந்தச் சோம்பேறியும் தன் முயற்சி மறைந்திருக்கின்றது என்று சொல்லித் தப்பிவிடலாமே" என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் மறை வெப்பத்துக்கும் அடையாளம் உண்டு. அடுப்பு எரிகின்றதா? பானையில் நீர் குறைகின்றதா? இவற்றைத் தூர நின்று அறிய முடியாது. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இரவில் பிள்ளை எத்தனை மணிவரை புத்தகத்துடன் இருந்தது என்பது அறிக்கையில் இராது. பக்கத்தில் இருந்த தாய்க்குத் தெரியும். தீர்ப்புச் சொல்ல விரும்புபவர் முதலில் அருகே செல்லக் கடமைப்பட்டவர்.

இன்னுமொன்று. மனிதன் பானை நீர் அல்லன். தீ எரிந்தால் நீர் ஆவியாகியே தீரும். மனிதனோ சுதந்திரம் உடையவன். அவன் வெல்வான் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆயினும், வெற்றி உறுதியில்லை என்பதால் முயற்சியே இல்லை என்று சொல்வது நீதியாகாது.

மறைந்த வெப்பம் அழிந்துபோவதுமில்லை. அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட், ஒரு பங்கு நீரிலிருந்து எழும் ஆவி தன்னைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு எடையுள்ள குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைக் கண்டு வியந்தார். காரணத்தை அவருக்கு விளக்கியவர் பிளாக். ஆவி மீண்டும் நீராக ஒடுங்கும்போது, தான் பெற்ற 540 கலோரியையும் குறைவின்றித் திருப்பித் தருகின்றது. நம் வீட்டுப் புட்டும் அப்படியே அவிகின்றது: ஆவி குளிர்ந்த மாவில் பட்டு நீராகித் தன் வெப்பத்தை அதற்குக் கொடுக்கின்றது. கொதிநீரிலும் ஆவி கையை மோசமாகச் சுடுவதும் இதே காரணத்தாற்றான்.

ஆகவே சோறாக்கும் வெப்பமும் சுடும் வெப்பமும் ஒன்றே. பிள்ளையின் உள்ளத்தில் நாம் நாள்தோறும் இடுவது பொறுமையாயினும் ஏளனமாயினும், வெளியே ஒன்றும் தெரியாமலே அது உள்ளே சேர்கின்றது. முகம் மாறவில்லை என்பதால் சொல் தைக்கவில்லை என்று எண்ணவேண்டாம். இருபது ஆண்டுகளின் பின், அப்பிள்ளை தன் பிள்ளையை நோக்கிப் பேசும்போது, நாம் இட்டது திரும்பி வரும்.

வாசகரே, அடுத்த தேர்ச்சி அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது எண்ணைப் பாருங்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வாய் திறப்பதற்கு முன், ஒரு முறை குனிந்து அடுப்பையும் பாருங்கள்.