ஒரே நேரத்தில் பல அலுவல்



வீடு மந்திரிக்கப் போகுமிடங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்றுண்டு: "சாமி, ஒரு வேலையைக் கையிலெடுத்தால் நாலு வேலை வந்து விழுகிறது. எதைத்தான் பார்ப்பது?" ஆபீசில் கணக்கு எழுதும்போதே மானேஜர் கூப்பிடுகிறார், செல்போனில் செய்திமேல் செய்தி வருகிறது, எதிரே ஒருவர் மனுவோடு காத்து நிற்கிறார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நம் பெண்பிள்ளைகள் ஒரு கட்டிலுக்கு மருந்து எடுக்கையில் மறுகட்டிலிலிருந்து மணி அடிக்கிறது. இதையெல்லாம் ஒன்றாய்ச் சமாளிக்கிறவனே சமர்த்தன் என்று இக்காலத்தில் ஒரு பெயரும் உண்டாயிருக்கிறது. அது எம்மட்டும் சரியென்று சற்று விசாரிப்போம்.

நம் வீட்டுத் தாய்மாரைப் பாருங்கள். ஒரு அடுப்பில் சோறு வேகிறது, மறு அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, அரிவாள்மனையில் காய் நறுக்குகிறாள், அதற்கிடையே பிள்ளைக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்லுகிறாள். மூன்று நான்கு வேலையை ஒருசேரச் செய்கிறாளென்று தோன்றும். உண்மை அதுவல்ல. சோறும் பருப்பும் தாமே வேகின்றன. பழகிய கை தானே நறுக்குகிறது. அவள் மனம் வாய்ப்பாட்டில் மட்டுமே நிற்கிறது. ஆனால் தாளிக்கும் நேரம் வந்ததும் என்ன செய்கிறாள்? "கொஞ்சம் பொறுடா" என்று பிள்ளையை நிறுத்திவிட்டுச் சட்டியின்மேல் கண்ணை வைக்கிறாள். கடுகு காத்திராது என்று அவளுக்குத் தெரியும். எது தானே நடக்கும், எது காத்திருக்கும், எது காத்திராது என்று பிரித்தறிகிற விவேகமே அவளுடைய சாமர்த்தியம்.

சாஸ்திரிகளும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரூபின்ஸ்டைன், மேயர், எவான்ஸ் என்னும் மூவர் 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வேலையிலிருந்து வேறொன்றுக்கு மனம் மாறும் ஒவ்வொரு தடவையும் காலம் நஷ்டமாகிறதென்றும், வேலை சிக்கலாயிருந்தால் நஷ்டமும் கூடுகிறதென்றும் கண்டார்கள். சோபி லெராய் என்னும் அம்மையார், முடியாமல் விட்டுவந்த வேலையிலேயே மனதில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று 2009-ல் எழுதினார். அதற்கு எளிய பரிகாரமும் பின்னால் சொன்னார்: எழுந்து போகுமுன், எங்கே விட்டோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யவேண்டும் என்று இரண்டு வரி குறித்து வைத்துவிட்டுப் போனால் மனம் விடுபடும். துண்டுக் காகிதம் போதும், செய்து பாருங்கள்.

ஆனால் நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது வேறு. அர்ச். மாற்கு தம் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதிவைத்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள். ஜாயிர் என்னும் ஜெபக்கூடத் தலைவனுடைய மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி, சாகக் கிடக்கிறாள். தகப்பன் சேசுநாதருடைய பாதத்தில் விழுந்து அழைக்கிறான், அவரும் புறப்படுகிறார். ஜனங்கள் நெருக்குகிறார்கள். ஒவ்வொரு நிமிஷமும் அந்தத் தகப்பனுக்கு ஒரு யுகம். அந்நேரத்தில், பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாட்டினால் வருந்தி, வைத்தியரிடத்தில் சொத்தையெல்லாம் செலவழித்த ஒரு ஸ்திரீ அவருடைய வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமடைகிறாள்.

ஆண்டவர் நின்றுவிட்டார்! யார் தொட்டதென்று கேட்கிறார். நமது கணக்குப்படி, சுகமும் கிடைத்துவிட்டது, அவளை அப்படியே விட்டுப் போயிருக்கலாம். அவரோ அவள் நடுங்கிக்கொண்டு வந்து சொன்னதை முழுவதும் கேட்டார். பன்னிரண்டு வருஷத்துக் கதை இரண்டு வார்த்தையில் முடிந்திராது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சிறுமி செத்துப்போனாளென்று ஆள் வருகிறது. ஜாயிருடைய முகத்தை நினைத்துப் பாருங்கள்! நம்மில் யாராயிருந்தாலும் அந்த ஸ்திரீயை வெறுத்திருப்போம்.

அப்போது நமதாண்டவர் செய்ததைக் கவனியுங்கள். காத்து நின்றவனை வார்த்தையின்றி விடவில்லை; பயப்படாதே என்று உடனே தேற்றினார். பிறகு கூட்டத்தை நிறுத்திவிட்டு, இராயப்பர், யாகப்பர், அருளப்பர் மூவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் கூச்சலிட்டவர்களை வெளியே அனுப்பினார். ஸ்திரீயோடிருக்கையில் முழுவதும் அவளோடிருந்தார். சிறுமியிடம் போனதும் முழுவதும் அவளுக்கானார். உயிர்ப்பித்த பின் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னாரே, அதைக்கூட மறக்கவில்லை.

நாம் செய்வது என்ன? மனுக்கொடுக்க வந்த கிழவி பேசும்போது கண் செல்போனில். செல்போனில் பேசும்போது கை கணக்கில். மூன்றுபேரும் பாதி மனிதனைத்தான் பெறுகிறார்கள். கணக்கில் வந்த பிழையை நாளைக்குத் திருத்தலாம். கிழவி பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவாள். காத்திருக்க வேண்டியவரிடம் "பத்து நிமிஷம் பொறுங்கள், அம்மா, இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று முகம் பார்த்துச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னபடி வரவும் வேண்டும், அது வேறு.

வேலை கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்றுபேர் வேலையை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, சமர்த்தாய்ச் சமாளிக்கிறான் என்று மெச்சுவது நீதியல்ல. ஆதித் திருச்சபையில் அன்றாடப் பந்தியில் சில விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள், எல்லாவற்றையும் நாங்களே பார்ப்போம் என்று இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை, அர்ச். முடியப்பர் முதலான ஏழுபேரை நியமித்தார்கள். வேலை ஒருவரிடமே குவிந்தால் பட்டினி கிடப்பது விதவைதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இது ஆபீசுக்கு மட்டுமல்ல. வேலைக்குப் போய் வந்து அடுப்பையும் பிள்ளைகளின் பாடத்தையும் மாமியாரின் மருந்தையும் ஒருத்தியே பார்க்கிற வீடுகள் நம் பங்கிலும் உண்டு. "அவள் எல்லாம் பார்த்துக்கொள்வாள், சாமி" என்று பெருமையாய்ச் சொல்லும் புருஷர்களே, புகழ்ச்சி இருக்கட்டும். இன்று சாயங்காலம் எழுந்துபோய் அந்த அரிவாள்மனையை வாங்கிக்கொள்ளுங்கள்.