அவர்கள் வளர்ந்துவிட்டார்கள், விழித்துக்கொள்வோம்

ஆட்டிசம் என்றதும் நம் மனக்கண்ணில் ஒரு குழந்தைதான் வந்து நிற்கிறது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, முகம் பார்க்காத குழந்தை, மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தை. அந்தக் குழந்தைக்கு மீசை முளைத்துவிட்டது. அதன் தாய்க்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நாமோ இன்னும் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1971இல், அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவரே தேடிப் பார்த்தார். அரசுக் காப்பகங்களுக்குப் போனவர்கள் சிறுவயதில் இருந்த திறமையும் வாடி ஒடுங்கிக் கிடந்தார்கள். அங்கே அனுப்புவது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்று எழுதினார் அவர்.

அந்தப் பதினொருவரில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். அவரையும் சிறுவயதில் காப்பகத்தில் விட்டார்கள். ஆனால் பெற்றோர் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிறகு சில ஆண்டுகள் ஒரு விவசாயத் தம்பதியரிடம் வளர்ந்தார். எதையும் அளந்துகொண்டே இருக்கும் பிள்ளையைக் கிணறு வெட்டி ஆழம் சொல்லச் சொன்னார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணும் பிள்ளையை, ஏரோட்டியபடியே எண்ணவிட்டார்கள். அவர் கல்லூரிப் பட்டம் பெற்றார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாகப் பல நாடுகளுக்குப் போய்வந்தார், 2023இல் 89 வயதில் மறைந்தார். குடும்பத்தில் வசதி இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் பெற்றோர் போன பிறகும் அவரைத் தாங்கியது அந்த ஊர். அவரைப் பற்றி எழுத வந்த பத்திரிகையாளர்களிடம், அவருக்கு ஒரு தீங்கு என்றால் உங்களைச் சும்மா விடமாட்டோம் என்று எச்சரித்தவர்கள் அவ்வூர் மக்கள். நம் தெருவில் அப்படிச் சொல்ல யார் இருக்கிறோம்?

ஆட்டிசம் 18 வயதில் கழன்று விழுவதில்லை, உருமாறுகிறது. சிலருக்குப் பேச்சு தாமதமாக வருகிறது, சிலருக்கு வருவதேயில்லை. சிலருக்குப் பதின்வயதில் வலிப்பு தொடங்குகிறது. பதற்றமும் மனச்சோர்வும் பலரை வாட்டுகின்றன. மற்றவர்போல் நடந்து காட்டியே களைத்துப்போகிறவர்கள் உண்டு. ஆயினும் வளர்ச்சி நிற்பதில்லை. முப்பதிலும் நாற்பதிலும் புதிதாகக் கற்கிறார்கள். பள்ளியை விட்டதும் அந்த முன்னேற்றம் மந்தமாவதை அமெரிக்க ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நாள் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லாமல் நான்கு சுவருக்குள் இருந்தால் யார்தான் வளர்வார்கள்?

நம் நாட்டிலும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் இலவசக் கல்வி 18 வயதோடு முடிகிறது. அதற்குப் பிறகான நீண்ட வாழ்க்கை யார் கணக்கில்? நம் கணக்கில். தொழிற்கூடம் வைத்திருப்பவரே, கடை நடத்துபவரே, அடுக்ககச் சங்கத் தலைவரே, உங்கள் கணக்கில்.

எழுந்திருங்கள். வேலை கொடுங்கள், பரிதாபத்துக்காக அல்ல, அவர் செய்யக்கூடிய வேலைக்காக. கூலியைக் குறைக்காதீர்கள். முப்பது வயது மனிதரை "பாப்பா" என்று கொஞ்சாதீர்கள். பேருந்தில் காதைப் பொத்திக்கொண்டு அசைந்தாடுபவரை முறைக்காதீர்கள். கல்யாண வீட்டுக்கு அழைக்கும்போது அவர் பெயரையும் சொல்லி அழையுங்கள்.

பெற்றோரே, உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். "எனக்குப் பிறகு யார்?" என்று இரவில் மட்டும் கேட்டுக்கொள்ளாதீர்கள், பகலில், உறவினரை உட்காரவைத்துக் கேளுங்கள். சமைக்க, துணி துவைக்க, சில்லறை எண்ண இன்றே பழக்குங்கள். தானே முடிவெடுக்கக் கூடியவரின் முடிவைப் பறிக்காதீர்கள். பாதுகாவலர் தேவைப்படுகிறவருக்கு, 18 வயது நிரம்பிய பின் பெற்ற தாயும் சட்டப்படி பாதுகாவலர் ஆணை பெற வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அதை வழங்குகிறது. அந்த விண்ணப்பத்தை, உங்களால் கையெழுத்துப் போட முடிகிற இந்த வாரமே எழுதுங்கள். அலுவலகம் வரை போக அந்தப் பெற்றோருக்குத் துணை வேண்டும், அண்டை வீட்டாரே. திங்கட்கிழமை காலை உங்கள் வண்டியை எடுங்கள்.