ஏடு கேட்ட கை

கார்த்திகை மாதம் சாமிதோப்புப் பதியில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடைபெறுகிறது. நம் நிழல்தாங்கல்களிலும் அவரவர் வசதிப்படி நாள் குறித்து வாசிக்கிறோம். ஏடு கேட்பது புண்ணியம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் ஐயமில்லை. ஆனால் காது கேட்டபின்னும் கை பழையபடியே இருந்தால் போதுமா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

நீடிய யுகத்துக் குறோணியை அகிலத்திரட்டு நமக்குக் காட்டுகிறது. கடல்நீர் முழுவதையும் குடித்தும் அவன் பசி அடங்கவில்லை, கயிலையையே விழுங்கினான். மாயோன் அவனை ஆறு துண்டாக்கினார். அந்தத் துண்டுகளே யுகந்தோறும் பிறந்து, கடைசியில் கலியனாக வந்தது. கிணறு வற்றும்வரை இறைப்பதும், குளத்தை மண்ணிட்டு நிரப்பி மனை போடுவதும், ஆற்று மணலை அள்ளி விற்பதும் அதே பசிதான். தேவைக்கு எல்லை உண்டு. எல்லை மறந்த மனத்தில் குறோணி குடியிருக்கிறான்.

காணிக்கை வேண்டாம் என்று சொன்னவர் நம் அய்யா. அப்படியானால் கொடுக்க நினைப்பவர் எங்கே கொடுப்பது? தாழ்ந்து கிடப்பவரிடம். எல்லாச் சாதியாரையும் முந்திரிக்கிணற்றில் ஒன்றாக நீராடவும், ஒன்றாக உண்ணவும் வைத்தார் அய்யா. அந்தச் சமத்துவத்துக்கு முதலில் கிணற்றில் தண்ணீர் வேண்டும். ஊர்ப் பொதுக்கிணறு வற்றினால் பணம் உள்ளவர் ஆழ்குழாய்க் கிணறு போடுவார்; இல்லாதவர் குடத்தோடு தெருவில் நிற்பார். ஆகவே நீரைக் காப்பதும் தர்மமே. மரம் வளர்ப்பதும் அன்னமிடுவதும் இரண்டு தனித்தனி வேலைகள் அல்ல.

இங்கே ஒரு கேள்வி எழும். 'வாழை இலை விலை ஏறிவிட்டது. பிளாஸ்டிக் தாள் மலிவு. மிச்சமாகும் பணத்தில் இன்னும் சில பேருக்குச் சோறு போடலாமே?' நியாயமான கேள்விதான். சோற்றைக் குறைப்பது தர்மம் ஆகாது. ஆனால் குறைக்க வேண்டியது சோறும் அல்ல, இலையும் அல்ல. அலங்கார விளக்கும், ஒலிபெருக்கியும், நம் படம் போட்ட பெரிய பேனரும் எத்தனை பேர் பசியை ஆற்றும்? அந்தச் செலவைக் குறைத்தால் இலையும் வரும், சோறும் வரும். ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் கொஞ்சம் மிஞ்சலாம்.

1841-ல் அரிகோபாலன் சீடர் அகிலத்தை எழுதியது ஓலையில். 1939-ல் அச்சேறும்வரை அது ஏடாகவே நம் முன்னோர் கையில் இருந்தது. அகிலத்தைத் தாங்கிய பனை இன்று செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது. ஏட்டை வணங்கிவிட்டுப் பனையை வெட்ட விலை பேசலாமா?

இந்த ஆண்டு வாசிப்புக்கு வரும்போது ஒரு சொம்பை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் குவளை வேண்டாம். உண்ணும் அளவுக்கே சோறு வாங்குங்கள். பட்டாபிஷேக நாள் முடிந்ததும், தாங்கலுக்கு ஒருவராவது ஊர்க் குளக்கரையில் பனங்கொட்டை ஊன்றுங்கள். அது காய்த்துப் பயன் தர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். நட்டவர் பதநீர் குடிக்காமலே போகலாம். பலன் பாராமல் கொடுப்பதைத்தானே தர்மம் என்கிறோம்?

அய்யா உண்டு.