படியேறிப் போங்க

2020-இல் நம்ம சுங்கை பூலோ மருத்துவமனையில் கோவிட் நோயாளிகள் படுத்திருந்தபோது, குடும்பத்தாரால் உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. கைப்பேசித் திரையில் முகம் பார்த்து அழுதவர்கள் பலர். அன்று அந்தத் திரையே இறைவன் தந்த வரம்.

இன்று கதவு திறந்திருக்கிறது. ஆனாலும் பக்கத்து வீட்டில் துக்கம் என்றால், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் ஒன்றைத் தட்டிவிட்டு, "சொல்லியாச்சு"ன்னு இருந்துவிடுகிறோம்.

சூலை நோயால் துடித்த அப்பர், முதலில் ஆள்மூலம் செய்தி அனுப்பினார். வலி தீரவில்லை. பிறகு தாமே திருவதிகைக்குப் போய், அக்கா திலகவதியார் காலில் விழுந்தார். அக்கா தம் கையால் திருநீறு தந்தார். அதன் பிறகே அப்பரின் தேவாரம் பிறந்தது.

செய்தி அனுப்புங்க, தப்பில்லை. அதோடு நின்னுடாதீங்க. இந்த வாரம் ஒரு வீட்டுப் படியேறி, "சாப்பிட்டீங்களா அம்மா?"ன்னு கேளுங்க.