ஆலங்காட்டிலிருந்து காரைக்காலுக்கு

கார்வேட்டிநகரத்தில் வேணுகோபால சுவாமியைச் சேவித்துவிட்டு, புத்தூர், நகரி, திருத்தணி வழியாகத் தெற்கே இறங்கினால் ஒரு காலைப் பொழுதில் திருவாலங்காடு வந்துவிடும். இடையில் மாநில எல்லை ஒன்று குறுக்கிடுகிறது. ஆனால் திருத்தணி ஒரு காலத்தில் கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்த ஊர்தான். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்குப் பிறகும் ஆடிக் கிருத்திகை என்றால் நகரி, புத்தூர்ப் பக்கத்துக் காவடிகள் அந்த மலையைத் தேடித்தான் போகின்றன.

இந்தச் சாலையில் ஒரு தாயும் மகளும் காரில் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்டுவது மகள். தாய் முன் சீட்டில். வளைவுகளில் தலை சுற்றாமல் இருக்க முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம் கையில். மடியில் புளிசாதத் தூக்கு. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய உறை முழங்காலில். "மெதுவா போம்மா, யாரு துரத்தறாங்க?" என்று புத்தூர் தாண்டுவதற்குள் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. திருவாலங்காட்டில் தொடங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துக் காரைக்கால் வரை போவது என்று திட்டம். காரைக்கால் அம்மையாரின் சரித்திரத்தை முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் படிப்பது போன்ற பயணம் அது.

முடிவு திருவாலங்காட்டில் இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. இங்கே அவர் காலை வானுக்கு உயர்த்தி ஊர்த்துவ தாண்டவம் ஆடுகிறார். அந்தத் திருவடியின் கீழ் என்றும் இருந்து பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வரம் கேட்டவர் அம்மையார். எலும்பும் தோலுமான பேய் வடிவைத் தானே விரும்பி வாங்கிக்கொண்டவர். கயிலையைக் காலால் மிதிக்க மனம் கூசித் தலையால் நடந்தார். அருகே வந்துகொண்டிருந்த அந்த வடிவத்தைப் பார்த்து உமாதேவி வியந்து, இவர் யார் என்று கேட்டாள். நம்மைப் பேணும் அம்மை இவள் என்றார் சிவபெருமான். பிறகு அவரே வாய் திறந்து "அம்மையே" என்று அழைத்தார். அம்மையார் "அப்பா" என்று காலில் விழுந்தார்.

பிறப்பில்லாதவருக்குத் தாய் ஏது? அவர் தம்முடைய தாய் என்று ஒருவரைச் சொன்னார் என்றால், அது வயிற்றில் பிள்ளை சுமக்காத ஒரு பெண்ணைத்தான். திருவாலங்காட்டுச் சந்நிதியில் நிற்கிற எந்தப் பெண்ணும், பிள்ளை பெற்றவளோ பெறாதவளோ, இதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். திருஞானசம்பந்தர் இந்த ஊர் எல்லைக்கு வந்தபோது, அம்மையார் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சிப் பக்கத்து ஊரில் தங்கிவிட்டார் என்கிறது பெரிய புராணம். பாண்டியன் சபையில் சமணரோடு வாதுக்கு அஞ்சாதவர் அவர்.

சென்னையைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிய பிறகு இடது கைப் பக்கம் கடல் கூடவே வருகிறது. மாமல்லபுரத்தில் சுற்றுலாக் கூட்டம்; மரக்காணத்தில் வெள்ளைப் பாத்திகளாக உப்பளம். புதுச்சேரியும் கடலூரும் போய்விடும். சிதம்பரத்தில் ஒரு தரிசனம், பிறகு கொள்ளிடப் பாலம், பிறகு சீர்காழி. இந்த இடத்தில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தத்தான் வேண்டும்.

சீர்காழிக்குப் பக்கத்தில் திருவாலி இருக்கிறது. திருமங்கையாழ்வார் அந்தத் தலத்தைப் பாடும்போது ஒரு தாயாகவே மாறிவிடுகிறார். மகள் பெருமானோடு கிளம்பிப் போய்விட்டாள். அவள் திருவாலிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாளோ என்று வாசலில் நின்று தவிக்கிற தாயின் குரல் அது. நம்மாழ்வாரும் திருக்கோளூருக்குத் தனியே போன மகளை நினைத்து இப்படித்தான் தாயாகிப் புலம்புகிறார். சங்க அகப்பாடல்களில் உடன்போக்கில் போன மகளைத் தேடிச் செவிலித்தாய் பாலை வழியில் நடக்கிறாள், எதிரே வருகிறவர்களிடம் விசாரிக்கிறாள். நம் இலக்கியத்தில் சாலை என்று வந்தாலே மகள் போகிறாள், தாய் நிற்கிறாள். அல்லது மகள் முன்னே போகிறாள், தாய் பின்னே தேடிக்கொண்டு வருகிறாள். இருவரும் சேர்ந்து ஒரே வழியில் போகிற காட்சி அரிதிலும் அரிது. கண் தெரியாத பெற்றோரைக் காவடியில் சுமந்த சிரவணன் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். தாயைத் தலயாத்திரை அழைத்துப் போன மகளுக்கு அப்படி ஒரு கதை கிடையாது. கல்யாணமான பெண் புகுந்த வீட்டுக்காரி, அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதா என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சீர்காழிக்குக் கிழக்கே, காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் இருக்கிறது.

பூம்புகார் வணிகர் வீட்டுப் பெண் ரத்தினாவதி. திருச்சிராப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவ நேரம் நெருங்கியது. தாய் மூட்டை முடிச்சோடு புகாரிலிருந்து கிளம்பினாள். பிரசவத்துக்கு வேண்டிய மருந்துப் பொருள்கள், மகளுக்குப் பிடித்த பண்டங்கள், எல்லாம் அந்த மூட்டையில் இருந்திருக்கும். வழியில் காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய் மாட்டிக்கொண்டாள். இக்கரையில் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. மலைக்கோட்டை ஈசனை நினைத்து அழுதாள். தாயின் உருவத்திலேயே வந்து கதவைத் தட்டினார் சிவன். பிரசவம் பார்த்தார், குழந்தையைக் குளிப்பாட்டினார், உடனிருந்து கவனித்துக்கொண்டார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து நின்றபோது வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு தாய்! மகள் திகைத்து இருவரையும் மாறி மாறிப் பார்க்க, முதலில் வந்தவர் மறைந்தார். அன்றிலிருந்து அந்த ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர். அந்தக் கோயிலில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இதை இன்றும் விழாவாக நடத்துகிறார்கள். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாயின் வழி அடைபட்டபோது, மருமகளுக்கு மாமியார் இல்லையா, ஊரில் மருத்துவச்சி இல்லையா என்று ஈசன் கேட்கவில்லை. கல்யாணமானவளுக்கு இனி அம்மா எதற்கு என்றும் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது அம்மாதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பூம்புகாரைத் தாண்டி, டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டிய தரங்கம்பாடியையும் கடந்தால் காரைக்கால். சரித்திரத்தின் தொடக்கம் இங்கேதான். தனதத்தர் என்ற வணிகருக்கு ஒரே மகள் புனிதவதி; அவர்தான் பின்னாளில் அம்மையார். மணமகன் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் நிதிபதியின் மகன். முறைப்படி பெண் நாகைக்குப் போக வேண்டும். ஒரே மகளைப் பிரிய மனம் வராத தந்தை, காரைக்காலிலேயே பக்கத்தில் வீடு அமைத்து, பொருளும் கொடுத்து மருமகனை இருத்திக்கொண்டார். காரைக்காலுக்கும் நாகைக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான்.

பிறகு மாங்கனி வந்தது. கணவன் அனுப்பிய இரண்டில் ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்டாள். கணவன் இன்னொன்று கேட்டபோது இறைவன் தந்த கனி கைக்கு வந்தது. அதை உண்டு வியந்து அவன் மீண்டும் ஒன்று கேட்டான்; அப்போது வந்த கனி, அவள் அவன் கையில் கொடுத்த உடனே மறைந்தது. மனைவி தெய்வம் என்று அஞ்சிய பரமதத்தன் கப்பலேறிப் போனான். திரும்பியபோது ஊருக்கு வராமல் பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றில் குடியேறி வேறொரு பெண்ணை மணந்தான். அந்தப் பட்டினத்தின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. பிறந்த பெண் குழந்தைக்கு வைத்த பெயரை மட்டும் சொல்கிறார்: புனிதவதி.

செய்தி காரைக்காலுக்கு எட்டியது. சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றினார்கள். பெண்கள் சூழ்ந்து வர, சில நாள் தெற்கே பயணம் போனார்கள். 20 கிலோமீட்டர் அனுப்ப மனம் வராத வீட்டுப் பெண் அது. அந்தச் சிவிகைக்குள் என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று புராணம் சொல்லவில்லை. கூட நடந்த பெண்களில் அவருடைய தாயும் இருந்திருந்தால், அவளுக்கு ஒவ்வொரு நாளும் எப்படி விடிந்திருக்கும்! அவர்கள் போய்ச் சேர்ந்ததும் பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் மழலை பேசும் மகளோடும் எதிர்வந்து அவர் காலில் விழுந்தான். உம் அருளால் வாழ்கிறேன், இந்தக் குழந்தைக்கு உம் பெயரைத்தான் வைத்திருக்கிறேன் என்றான். கணவன் வணங்கிய பிறகு இந்த அழகைச் சுமந்து பயனில்லை என்று அம்மையார் உடலின் தசையை உதறியது அந்த இடத்தில்தான். அங்கிருந்து கயிலை, கயிலையிலிருந்து ஆலங்காடு.

அவர் பாடியவை 143 பாடல்கள்: அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் 22. மூவர் தேவாரத்துக்கும் முந்தியவை. வணிகர் மகளின் புகழ் வணிகரின் கடல்வழியிலேயே போயிருக்கிறது. கம்போடியாவில் 967-ல் எழுந்த பந்தே ஸ்ரே கோயிலின் முகப்புச் சிற்பத்தில், ஆடும் சிவனருகே வற்றிய மார்போடு அமர்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களைக் கூடை கூடையாக வீசுகிறார்கள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் புடவைத் தலைப்பை விரித்துப் பிடிக்கிறார்கள். கூட்டத்தில் நெரிபட முடியாத வயதான தாய்மார்களுக்குச் சாதாரண நாளே நல்லது. நின்று நிதானமாக அம்மையாரைப் பார்க்கலாம். பிரகாரங்களில் நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் அமர்ந்திருப்பதைத் தாய் மகளுக்குக் காட்டலாம். எழுத்துக் கூட்டிப் பாடலைப் படிக்க முடியாத தாய்க்கு மகள் படித்துக் காட்டலாம்.

தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் தாய் கேட்பாள்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு, நாகைக்கும் போயிட்டு வந்துடலாமா?" நீலாயதாட்சி அம்மன் அங்கே இருக்கிறாள், காயாரோகணர் இருக்கிறார், பிடித்த முதல் மீனைத் தினமும் சிவனுக்கென்று கடலில் விட்ட அதிபத்த நாயனாரின் ஊரும் அதுதான். புனிதவதி மணப்பெண்ணாகப் போயிருக்க வேண்டிய வழியில், திருமலைராயன் பட்டினமும் நாகூரும் தாண்டி, மகள் வண்டியைத் தெற்கே திருப்பலாம். நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட முடியும்.