கருவியும் உடைமையும்

புகைப்படக் கலையில் ஈடுபாடுடைய ஒருவருக்கு எத்தனை கமராப் பைகள் வேண்டும்? வினா அற்பமானதெனத் தோன்றலாம். ஆயினும், ஒரு கமராவும் இரண்டு மூன்று வில்லைகளும் மட்டுமே உடைய ஒருவரின் அலுமாரியில் ஏழெட்டுப் பைகள் இருப்பதை இன்று பல நாடுகளிலும் காணலாம். தெருவிற் செல்ல ஒன்று, பிரயாணத்துக்கு ஒன்று, மலையேற ஒன்று, மழைக்கு ஒன்று என அவை பெருகுகின்றன. ஓய்வுநாள் வந்ததும் அவர் ஒரு பையில் உள்ளவற்றை மற்றொன்றுக்கு மாற்றுகின்றார். உள்ளறைத் தடுப்புகளைக் கழற்றி வேறுவிதமாகப் பொருத்துகின்றார். அடுக்கி அழகு பார்க்கின்றார். பொழுது சாய்ந்துவிடுகின்றது. படம் ஒன்றும் எடுக்கப்படவில்லை. இது தவறா? தவறெனின், அத்தவறு யாருடையது? பையில் தொடங்கும் இவ்வினா, கருவியொன்று எக்கட்டத்தில் வெறும் உடைமையாகின்றது என்ற பெரிய வினாவுக்கு எம்மை இட்டுச் செல்கின்றது.

குறைவாக வைத்திருப்பதே அறம் என்று கூறி இதனை முடித்துவிடுவாரும் உளர். ஆனால் புகைப்படக் கலையின் வரலாறு இவ்வெளிய விடையை ஏற்பதாயில்லை. 1855ஆம் ஆண்டு கிரிமியப் போர்க்களத்துக்குச் சென்ற ஆங்கிலேயரான ரோஜர் ஃபென்டன் ஐந்து கமராக்களையும் எழுநூறு கண்ணாடித் தகடுகளையும் கொண்டு சென்றார். வைன் வணிகர் ஒருவரின் குதிரை வண்டியை வாங்கி, அதனை நடமாடும் இருட்டறையாக மாற்றியிருந்தார். அக்கால முறைப்படி, தகட்டின்மீது பூசிய இரசாயனம் காய்வதற்கு முன்னரே படம் எடுத்துக் கழுவவும் வேண்டியிருந்தமையே இதற்குக் காரணம். ஒரு வண்டி நிறைந்த அச்சுமையை ஆடம்பரம் என எவரும் கூறார். அதிலிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருந்தது. அச்சுமையிலிருந்து முந்நூற்றறுபது வரையான படங்கள் பிறந்தன. ஆகவே, பொருள்களின் எண்ணிக்கையைக் கொண்டு அறத்தை அளந்துவிட முடியாது.

பின்னர் சுமை குறைந்தது. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன், நூறு படங்களுக்கான சுருளை உள்ளடக்கிய கொடாக் கமராவை 25 டொலர் விலையில் சந்தைக்குக் கொணர்ந்தார். 1925இல் ஜேர்மனியின் லைப்சிக் கண்காட்சியிலே, ஒஸ்கார் பார்னாக் அமைத்த லைக்கா அறிமுகமாயிற்று. சட்டைப்பையில் அடங்கும் இக்கருவியையும் பெரும்பாலும் ஒரேயொரு 50 மில்லிமீற்றர் வில்லையையும் கொண்டே பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸன் தமது நூற்றாண்டின் மனிதர்களைப் பதிவு செய்தார். வண்டி போய்ப் பையும் தேவையில்லை என்னும் நிலைக்குக் கலை வந்து சேர்ந்தது. கருவி இலேசாகிய இக்காலத்திலே பைகள் மட்டும் பெருகுவானேன்?

பையும் ஒருகால் உழைப்பின் தேவையாற் பிறந்ததே. 1970களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் செய்திப் புகைப்படக்காரராயிருந்த ஜிம் டொம்கே, நாள் முழுவதும் தோளிற் சுமந்து, வேண்டியதை நொடியில் எடுக்கத்தக்க மெல்லிய கன்வஸ் பையொன்றை வடிவமைத்தார். அதன் ஒழுங்கு வேலை வகுத்த ஒழுங்கு. தச்சனின் பெட்டியில் உளியும் இழைப்புளியும் இருக்கும் இடத்தைக் கை அறியும், கண் தேடவேண்டியதில்லை. அத்தகைய ஒழுங்கு வேலை செய்யச் செய்யத் தானே அமைவது. வேலை நின்றபின் அடுக்குதல் மட்டும் எஞ்சுமாயின், அதனை ஒழுங்கு என்பதிலும் சடங்கு என்பதே பொருந்தும்.

சடங்கு நடக்குமிடத்திற் சந்தை கடை விரிக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டிடெரோ, தமது பழைய அங்கியைப் பிரிந்ததற்கு வருந்தி 1769இல் ஒரு கட்டுரை எழுதினார். புதிய செந்நிற அங்கி வந்ததும் பழைய நாற்காலி அழகற்றதாயிற்று. அதனை மாற்றவே மேசை பொருந்தாதாயிற்று. இவ்வாறு அறை முழுவதும் மாறியது. கமராப் பையின் கதையும் இதுவே. புதிய வில்லை பழைய பையினுள் அடங்குவதில்லை. புதிய பையின் வெற்றறை மற்றுமொரு வில்லையை வேண்டி நிற்கின்றது. 2016இல் பீக் டிசைன் என்ற அமெரிக்க நிறுவனம், இன்னும் கைக்கு வந்திராத மூன்று வகைப் பைகளுக்கு இணையம் வழியாக முற்பணம் கோரியபோது 65 இலட்சம் டொலருக்கு மேல் குவிந்தது. அந்நிறுவனத்தின் பைகள் வியட்நாமிலே தைக்கப்படுபவை. வாங்குவோர் தையலின் நேர்த்தியை நெடுநேரம் ஆராய்வர். தைத்த கைகளை நினைப்பவர் அரியர். மனிதர்க்கிடையேயான உறவு பொருள்களுக்கிடையேயான உறவாகத் தோன்றுதலை 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் விளக்கியது இங்கே நினைவுகூரத்தக்கது.

எனினும், பைகளைச் சேர்ப்பவரைப் பேராசைக்காரர் என இகழ்தல் நீதியாகாது. அவர் பெரும்பாலும் யார்? வாரத்தில் ஐந்தாறு நாள்களை அலுவலகத்துக்கோ தொழிற்சாலைக்கோ விற்றுவிட்ட ஒருவர். தம் விருப்பப்படி ஒன்றைப் படைக்கும் வேட்கை அவரிடம் உண்டு. அதற்குரிய நேரம் இல்லை. பிரயாணப் பையை வாங்கும்போது தாம் செல்லாத பிரயாணத்தையே அவர் வாங்குகின்றார். மலையேறும் பையில் அவர் ஏறாத மலை இருக்கின்றது. ஓய்வை அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட சமுதாயமே, அவ்வோய்வின் அடையாளத்தை அவருக்கு விலைக்கு விற்கின்றது. அதற்கான பணத்தைத் தேட அவர் மேலும் சில மணி நேரம் உழைக்கின்றார். எஞ்சிய ஓய்வும் குறைகின்றது. ஆகவே தவறின் பெரும்பகுதி தனிமனிதரின் மனத்திலன்று, நேரம் பங்கிடப்படும் முறையிலேயே உள்ளது. எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் போராடியது உறங்குவதற்காக மட்டுமன்று. தன் கருவியைத் தானே எடுத்துச் செல்லும் சுதந்திரமான ஒரு மாலைப்பொழுதும் அப்போராட்டத்தின் இலக்கேயாகும்.

ஆனால், சமுதாயத்தைக் குற்றஞ்சாட்டியதோடு தனிமனிதரின் பொறுப்புத் தீர்ந்துவிடுமா? எமது நாட்டைப் போன்ற ஈரலிப்பான வெப்ப நாடுகளில் இயற்கையே ஒரு மறுமொழி தருகின்றது. காற்றும் ஒளியும் புகாத மெத்தைப் பைக்குள் நெடுநாள் கிடக்கும் வில்லையிலே பூஞ்சணம் பற்றுகின்றது. நூலிழைபோற் படர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிடுகின்றது. அடிக்கடி வெளியே எடுக்கப்படும் வில்லையை அது எளிதில் அணுகுவதில்லை. காக்கவென வாங்கிய பையே கருவியைக் கெடுக்கின்றது; உபயோகமே அதனைக் காக்கின்றது.

இதிலிருந்து எமக்கொரு நெறி கிடைக்கின்றது. ஒருவர் பயன்படுத்தும் கருவி, அது எத்துணை விலையுயர்ந்ததாயினும், அவருக்குரியதே. பயன்படுத்தப்படாது பூட்டிக் கிடப்பது, அதனைப் பயன்படுத்தக்கூடிய இன்னொருவரிடமிருந்து தடுத்து வைக்கப்பட்டதாகும். கமராவைத் தொட்டறியாத மாணவர் எத்தனையோ பேர் எமது பாடசாலைகளில் உள்ளனர். பாடசாலைக் கழகத்துக்கோ கிராம வாசிகசாலைக்கோ ஒரு கமராவும் ஒரு பையும் பொதுவில் இருக்குமாயின், அதன் அறைகளை எவரும் அடுக்கிப் பார்த்துக் கொண்டிரார். அடுத்தவர் அதற்காகக் காத்திருப்பார்; பை எப்பொழுதும் வெளியிலேயே இருக்கும். பொதுவுடைமை என்பது பெரிய சொல்லாகத் தோன்றலாம். அது ஒரு சிறு பையிலிருந்தும் தொடங்கத்தக்கது.